சாப்பாட்டு ராமனா, சாப்பாட்டு ராமெனா?

கேள்வி: 2024ல ஜப்பான்காரர் கோபயாஷியும் அமெரிக்காக்காரர் செஸ்ட்நட்டும் நேருக்கு நேர் மோதின ஹாட் டாக் போட்டிய நெட்ஃப்ளிக்ஸ்ல இப்பதான் பாத்தேன். ஜப்பான் சாப்பாட்டு ராமன்கள்ல கோபயாஷிதான் நம்பர் ஒன்னா? அவருதான் தோத்துட்டாரே, அப்புறம் ஏன் இன்னமும் அவரையே தூக்கி வெச்சுப் பேசுறாங்க? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மொதல்ல அந்த 'சாப்பாட்டு ராமன்' பஞ்சாயத்த முடிச்சிடுவோம். ராமன் என்னய்யா பாவம் பண்ணாரு? பதினாலு வருஷம் காட்டுல காயும் கெழங்கும் தின்னுட்டு அலைஞ்ச மனுஷன். வண்டி சோத்த ஒரே ஆளா முழுங்குன பகாசுரன் இருக்கான், அந்த பகாசுரனுக்குப் போன வண்டி சோத்தையும் தின்னுட்டு அவனையும் போட்டுத் தள்ளுன பீமன் இருக்கான், கும்பகர்ணனப் பத்தி சொல்லவே வேணாம். இத்தன பேர விட்டுட்டு பழிய தூக்கி ராமன் தலையில போட்டிருக்கோம். இத நான் இந்தப் பக்கத்துல எழுதுறது இது மூணாவது தடவ, இதுக்கு விளக்கம்னு இதுவரைக்கும் நாலு பேரு நாலு கதை அனுப்பியிருக்காங்க, ஒன்னக்கூட நான் நம்பல.

ஜப்பான்காரங்களுக்கு வேணா சாப்பாட்டு ராமென்னு வெச்சுக்கலாம், ராமென்னா அவங்க ஊரு நூடுல்ஸ் சூப், பொருத்தமா இருக்கும். ஆனா எங்க ஆபீஸ்ல அது நடக்காது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு பயணக் கட்டுரைல ராமென்னு வந்தத எங்க ப்ரூஃப் அண்ணன் எழுத்துப் பிழைன்னு நெனச்சு திருத்திட்டாரு. 'மழையில் நனைந்தபடி ஒரு சின்னக் கடையில் சூடான ராமனை உறிஞ்சிக் குடித்தேன்'னு அச்சாயி வந்துச்சு. மூணு வாரம் லெட்டர் லெட்டரா வந்துச்சு, அதுல ஒருத்தர் ராமன குடிச்சவரு லட்சுமணன விட்டது ஏன்னு கேட்டிருந்தாரு. அண்ணன் இன்னிவரைக்கும் தான் செஞ்சது சரின்னுதான் சொல்றாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். நம்பர் ஒன் யாருன்னு கேக்குறீங்க, எதுல நம்பர் ஒன்னுன்னு ஜப்பான்ல உடனே திருப்பிக் கேப்பாங்க. அங்க ரெண்டு வார்த்தை இருக்கு, ஓகுய்னா நெறைய திங்கறது, ஹயகுய்னா வேகமா திங்கறது, ரெண்டும் வேற வேற வித்தை. நம்மகிட்ட பெருந்தீனின்னு ஒரு வார்த்தை இருக்கு, வேகமா திங்கறவன 'எவனாவது தொரத்துறானா'ன்னு அம்மா கேப்பாங்க, அதோட சரி.

இதெல்லாம் டிவி கண்டுபுடிச்சதும் இல்ல. வடக்க இவாட்டே பக்கம், மோரியோகா, ஹனமாகி ஊர்கள்ல வான்கோ சோபான்னு ஒன்னு இருக்கு, சோபான்னா அங்க ஒரு வகை நூடுல்ஸ், உக்கார்ற சோபா இல்ல. சின்னக் கிண்ணத்துல ஒரே வாய் நூடுல்ஸ்தான் இருக்கும், நீங்க முழுங்கி முடிக்கறதுக்குள்ள பக்கத்துல நிக்கற அம்மா 'ஹை ஜான் ஜான், ஹை தோன் தோன்'னு பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே அடுத்தத கவுத்துடுவாங்க. போதும்னு வாயால சொன்னா எடுபடாது, கிண்ணத்துல எதுவும் இல்லாத நேரமா பாத்து மூடியப் போட்டு மூடணும், அந்த அரை செகண்டு கெடைக்காம இன்னும் பத்து கிண்ணம் தின்னவங்க உண்டு. நம்ம பந்தில இலைய மடிக்கப் போறப்ப கரண்டியோட வந்து நிப்பாரே ஒரு சித்தப்பா, அவரு நூறு பேரா வந்த மாதிரி. சுமார் பதினஞ்சு கிண்ணம் சேந்தாதான் ஒரு ஆளு சாதாரணமா திங்கற சோபா, அதனால நூறு கிண்ணம்னு சொன்னா மயங்கிடாதீங்க. ஹனமாகில 1957லேர்ந்து இதுக்குன்னே போட்டி நடத்துறாங்க.

அமெரிக்காவுக்கு இந்த ஷாக் மொத மொதல்ல கோபயாஷியால வரல, அத யாரும் ஞாபகம் வெச்சுக்கல, எனக்கு அதுதான் வருத்தம். நியூயார்க் கோனி ஐலண்ட்ல ஜூலை 4க்கு நேத்தன்ஸ் கம்பெனியோட ஹாட் டாக் போட்டி நடக்கும், ஹாட் டாக்னா பன்னுக்குள்ள வெச்ச சாஸேஜ். அங்க எட் கிராச்சின்னு ஒரு மலை மாதிரி ஆளு சாம்பியனா இருந்தாரு. 1996 கடைசில ஹிரோஃபூமி நகஜிமான்னு ஒரு ஒல்லி ஜப்பான்காரர் வந்து அவர சாச்சுட்டாரு, 1997லயும் இருபத்திநாலரை தின்னு ஜெயிச்சாரு. கிராச்சி சும்மா இருந்தாரா, ஒரு தியரி போட்டாரு பாருங்க: வயித்தச் சுத்தி இருக்கற கொழுப்பு பெல்ட்டு மாதிரி இறுக்கிப் புடிச்சுக்குது, இரைப்பை விரிய விடமாட்டேங்குது, அதனால ஒல்லிக்குத்தான் சாதகம்! தோத்தவன் சொன்ன சாக்குகள்லயே இத அடிச்சுக்க ஒன்னு கெடையாது. என் மச்சினி கல்யாணத்துல நாலாவது தடவ பாயாசம் வேணாம்னு சொன்னதுக்கு நானும் இதத்தான் சொன்னேன், வீட்டுல யாரும் ஏத்துக்கல. 2000ல மொத மூணு எடமும் ஜப்பானுக்குப் போச்சு, கசுடோயோ அராய் 25ம் சொச்சமும் தின்னு உலக ரெக்கார்டு. அடுத்த வருஷமே அவரு பேரு யாருக்கும் தெரியாமப் போச்சு.

ஏன்னா 2001ல டகேரு கோபயாஷி வந்தாரு. வயசு 23, எடை அறுபது கிலோகூட இல்ல. 12 நிமிஷத்துல 50. எண்ணிக்கை காட்டற அட்டை தீந்துபோயி பேப்பர்ல கையால எழுதிக் காட்டுனாங்க. செஞ்சது என்னன்னா, சாஸேஜ ரெண்டா ஒடிச்சு வாயில தள்றது, பன்ன தனியா தண்ணில முக்கிப் புழிஞ்சு முழுங்கறது, எறங்கறதுக்கு ஒடம்ப ஒரு ஆட்டு ஆட்டறது. மத்தவங்க எல்லாம் ஹாட் டாக்க ஹாட் டாக்காவே தின்னுட்டு இருந்தாங்க, பாவம். 2006 வரைக்கும் ஆறு வருஷம் சாம்பியன் பெல்ட்டு அவருகிட்டதான்.

நடுவுல 2003ல ஒரு டிவி ஷோவுக்காக ஒரு கோடியாக் கரடியோட மோத விட்டாங்க. கரடி ரெண்டரை நிமிஷத்துல 50ஐ முடிச்சுட்டு நக்கிட்டு இருந்துச்சு, இவரு 31ல நின்னாரு. நெறைய தின்னவன்தான் பெரியவன்னா கரடிக்குத்தான் பெல்ட்டு போட்டிருக்கணும், அது ஒப்பந்தத்துல கையெழுத்து போடாததால விட்டுட்டாங்கன்னு நெனக்கறேன். ஏன் சொல்றேன்னா 2010ல இவரு போட்டி நடத்தற லீக்கோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட மாட்டேன்னாரு, அன்னிக்கு வேடிக்கை பாக்க வந்து, போட்டி முடிஞ்சதும் மேடையேறப் போயி போலீஸ் புடிச்சுட்டுப் போச்சு. ஏழு வருஷம் முன்னாடி கரடிகிட்ட தோத்தவரு இப்ப அவரே சிவபூஜைல கரடி. அடுத்த வருஷம் அதே நாள் மன்ஹாட்டன்ல ஒரு மொட்ட மாடில தனியா நின்னு 69 தின்னாரு, அப்ப ரெக்கார்டு 68. லீக் அத கணக்குலயே சேத்துக்கல. இந்த மாதிரி ரோஷக்காரங்கள எனக்குப் புடிக்கும், ரோஷப்பட்டு ஆபீஸ விட்டுப் போயிட்டு மறுநாள் டிபன் பாக்ஸ எடுக்க வரவங்களத்தான் புடிக்காது, அது வேற கதை.

ஆனா ஜப்பான்ல ஓகுய் ரசிகர்கள்கிட்ட நொபுயுகி ஷிரோடா பேரச் சொல்லிப் பாருங்க. நெட்டையான ஆளு, ஜயன்ட் ஷிரோடான்னே பேரு, கோபயாஷியவே ஜெயிச்சவரு, அவருதான் பெருசுன்னு அடிச்சுப் பேச ஆளு இருக்கு. அவங்க மோதல் சூடா இருந்த நேரத்துல 2002ல ஒரு பள்ளிக்கூடப் பையன், டிவில பாத்தத ஸ்கூல் சாப்பாட்டுல பண்ணிப் பாத்து ரொட்டி தொண்டைல சிக்கி செத்துப்போனான். சேனல்கள் நிகழ்ச்சிய நிறுத்திடுச்சுங்க. அதுல நான் ஜோக் அடிக்க மாட்டேன். சில வருஷம் கழிச்சு மறுபடி வந்தப்ப வேகத்தக் கொறச்சுட்டாங்க, அப்ப மேல வந்தவங்கதான் கியாரு சோனே, மேக்கப் கலையாம, சிந்தாம சிதறாம, ரசிச்சுத் தின்னே ஸ்டாரானவங்க. ஜப்பான்ல வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டா கோபயாஷிக்கு முன்னாடி அவங்க பேரு வந்தாலும் வரும்.

தோத்துட்டாரேன்னு கேட்டீங்களே. 2007ல தாடை வலியோட வந்து 12 நிமிஷத்துல 63 தின்னாரு, செஸ்ட்நட் 66. அந்த செஸ்ட்நட் கத்துக்கிட்ட முறையே இவரோடதுதான். நீங்க பாத்த 2024 மோதல்ல பன்ன தண்ணில முக்கக்கூடாது, தனியா பிரிக்கக்கூடாதுன்னு ரூல், அதாவது இவரு கண்டுபுடிச்சத இவரே பண்ணக்கூடாது. செஸ்ட்நட் 83, இவரு 66. நேரம் 10 நிமிஷம்தான், இவருக்கு அப்ப வயசு 46. 29 வயசுல, தண்ணில முக்கி, ரெண்டு நிமிஷம் அதிகமா வெச்சுக்கிட்டு தின்னதவிட மூணு ஜாஸ்தி. நீங்க இவரோட 66ஐ 83ஓட ஒப்பிட்டுப் பாத்தீங்க, நான் 63ஓட. ப்ரூஃப் அண்ணே, மேல ராமென்னு இருக்கறதுல கை வெக்காதீங்க.