கதையில் எந்த இடம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம், எட்டாம் கிரேடு பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். செய்யுளில் பழைய கதையைச் சுட்டும் இடம் வந்தாலே எனக்குத் திண்டாட்டம்தான். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. கதைகள் பாதிக்கு மேல் தெரியாது. நானே கதையைச் சொல்லி, "இது ராமாயணத்தைக் குறிக்கிறது" என்று போர்டில் எழுதினால் அதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். கவிஞர் ஏன் அந்தக் கதையை அங்கே கொண்டுவந்தார் என்று கேட்டால் பதில் இல்லை. உவமைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பையன் கேட்டான். எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் கிரேக்க வீரன் அகிலீஸ், பைபிள் நோவா என்று இதையேதான் படிக்கிறார்கள். நாமும் அந்த வழியில் போகலாமா? எங்கே தொடங்குவது?

ஒரு தமிழாசிரியை

---

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் புறநானூற்றில் 378ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊன்பொதி பசுங்குடையார் பாடியது. சோழன் இளஞ்சேட்சென்னி அவருக்கு நகைகளை அள்ளிக் கொடுக்கிறான். புலவரின் சுற்றத்தார் வறுமையில் கிடந்தவர்கள், நகையைக் கண்ணால் பார்த்தவர்கள் கூட இல்லை. விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், காதில் போடுவதை விரலில் செருகுகிறார்கள், இடுப்பில் கட்டுவதைக் கழுத்தில் கட்டுகிறார்கள். அரக்கன் சீதையைத் தூக்கிக்கொண்டு போனபோது கீழே விழுந்த நகைகளைக் கண்ட செம்முகக் குரங்குக் கூட்டம் போல இருந்தது என்கிறார் புலவர்.

இது உவமையா என்றால் உவமைதான், 'போல' இருக்கிறது. ஆனால் நிலவு போன்ற முகம் என்றால் நிலவைப் பார்த்தவருக்கெல்லாம் புரிந்துவிடும். இந்தக் குரங்குகளை யாரும் பார்த்ததில்லை. கதை தெரிந்தவர் மனத்தில்தான் அவை இருக்கின்றன. பையனுக்கு இதைச் சொன்னால் போதும். ஒரு வரி உவமையாகவும் கதைச் சுட்டாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை. 'போல' இல்லாமலும் கதையைச் சுட்டலாம்.

இனி உங்கள் முக்கியமான சிக்கல். "ராமாயணத்தைக் குறிக்கிறது" என்று எழுதிய பிள்ளை தப்பாக எழுதவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது. கவிஞன் முழு ராமாயணத்தையும் இழுத்து வருவதில்லை, ஓர் இடத்தை மட்டும் கிள்ளிக்கொள்கிறான். ஆகவே "எந்தக் கதை?" என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். "கதையில் எந்த இடம்?" என்று கேளுங்கள். பிறகு "அந்த இடத்தில் இருக்கும் எது இங்கே வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள்.

அகநானூறு 70ஆம் பாட்டிலும் ராமன் வருகிறான். தலைவன் தலைவி பற்றி ஊரே வம்பு பேசிக்கொண்டிருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் கப்சிப். பாண்டியரின் பழைய கோடித் துறையில் ஆலமரத்தடியில் ராமன் ரகசிய ஆலோசனை நடத்தியபோது, மரத்துப் பறவைகளின் சத்தத்தை அடக்கினானாம். அந்த ஆலமரம் போல ஊர் ஒலியடங்கியது என்கிறாள் தோழி. இங்கே வில் வேண்டாம், வனவாசம் வேண்டாம், ராவணனும் வேண்டாம். சத்தமாக இருந்த மரம் சட்டென்று அமைதியானது மட்டும் போதும். இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே கதையிலிருந்து இரண்டு புலவர்கள் வேறு வேறு துண்டை எடுத்திருப்பது பிள்ளைகளுக்குத் தானாகத் தெரியும்.

குரங்குப் பாட்டுக்கு மறுபடியும் வருகிறேன், அதை விட மனசில்லை. வால்மீகியில் குரங்குகள் அந்த நகைகளை அணிந்துகொள்வதில்லை, எடுத்து வைத்திருந்து பிறகு ராமனிடம் காட்டுகின்றன. இந்தப் புலவருக்குத் தெரிந்த கதையில் அவை போட்டுப் பார்த்திருக்கின்றன. அப்புறம் இன்னொன்று. சீதையைத் தூக்கிப்போகும் இடம் அந்தக் கதையிலேயே பெரிய துயரம். அதன் ஓரத்தில் இப்படி ஒரு சிரிப்பு. புலவர் குடும்பத்துக்கும் அதே நிலைதான். கடுமையான வறுமையில் உழன்ற பிறகுதான் இந்த ஓயாத சிரிப்பு கிடைத்தது என்று பாட்டு முடிகிறது. நகையை மாற்றி மாட்டிய வேடிக்கைக்கு வேறு உவமைகள் எத்தனையோ கிடைத்திருக்கும். இந்தத் துயரமும் சிரிப்பும் சேர்ந்தே வருவதற்கு இந்தக் கதைதான் வேண்டும். இதை எட்டாம் கிரேடு பிள்ளையால் பிடித்துக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். மூலப் பாட்டு முழுவதும் வேண்டாம், "விரற்செறி மரபின செவித்தொடக் குநரும்" தொடங்கி நான்கைந்து வரி போதும்.

வகுப்பில் செய்ய ஒரு சின்ன வேலை. கர்ணன் கதையைச் சொல்லிவிட்டு மூன்று வாக்கியம் எழுதிப் போடுங்கள். "அவள் கையில் காசு தங்காது, கர்ணன் பரம்பரை." "தப்பு என்று தெரிந்தும் நண்பனை விடவில்லை, இவனும் ஒரு கர்ணன்." "பெற்றவள் யாரென்று தெரியாமல் வளர்ந்தான், கர்ணனைப் போல." ஆள் ஒருவன்தான், இடம் மூன்று.

பிள்ளைகளுக்குக் கதை தெரியாது என்கிறீர்கள். அதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் காவடிக்குப் பின்னால் நடந்திருப்பார்கள், எத்தனை பேர் பால்குடம் எடுத்திருப்பார்கள்! தோளில் குறுக்கே ஒரு கம்பு, இரண்டு பக்கமும் பாரம். இடும்பன் இரண்டு மலையைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த கதையைச் சுட்டுவதுதானே அது? தீமிதியும் அப்படித்தான், பூக்குழியில் இறங்குகிறவர் பாஞ்சாலியை நினைத்து இறங்குகிறார். கண்ணால் பார்த்தாயிற்று, கதைதான் பாக்கி. அதை வீட்டில் பாட்டியிடம் கேட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

கிரியோலில் சொல்லட்டும். தமிழ் வகுப்பில் கிரியோலா என்று சில சக ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். கதை கிரியோலில் போனால் பரவாயில்லை, செய்யுள் வரி தமிழில் இருக்கிறது. கதையையும் தமிழிலேயே கேட்டு, பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டுமே போச்சு.

நம் ஊரில் வேறு சரக்கும் இருக்கிறது. கியூர்பிப் நகரசபைத் தோட்டத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலை. 1788இல் வந்த 'போல் எ விர்ஜினி' நாவலைத் தெரியாதவருக்கு அது வெறும் இரண்டு பேர். தெரிந்தவருக்கு, பின்னால் கப்பலோடு மூழ்கப்போகும் பெண் அவள். அந்த நாவலே 1744இல் இங்கே உடைந்த சேன் ஜெரான் கப்பலை வைத்து எழுதியதுதான். டோடோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1598இல் டச்சுக்காரர்கள் வந்து ஒரு நூற்றாண்டுக்குள் ஒழிந்துபோன நம் தீவுப் பறவை, உலகமெல்லாம் காலாவதியான எதற்கும் பெயராகிவிட்டது. மற்றவர்கள் நம்மிடமிருந்து கடன் வாங்கிய கதை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

அகிலீஸ், நோவா தாராளமாக வரட்டும், ஆனால் தனியாக வேண்டாம். அகிலீஸின் குதிகாலையும் துரியோதனனின் தொடையையும் சேர்த்து வையுங்கள், இரண்டு பேருக்கும் அடி விழக்கூடிய ஒரே இடம் அது. காந்தாரியின் பார்வை படாமல் போன தொடை என்று நம் ஜனங்கள் சொல்லும் கதையோடு சேர்த்துத்தான். நம் பிள்ளை இரண்டு வகுப்பிலும் ஒரே வித்தையைப் படிக்கிறோம் என்று உணர்ந்தால் உங்கள் வேலை பாதி குறையும்.

இது பழகிய பிறகு, பெயரே சொல்லாத இடத்துக்குப் போகலாம். "மடியிலா மன்னவன் எய்தும் அடியளந்தான் தாஅய தெல்லாம் ஒருங்கு" (குறள் 610). சோம்பல் இல்லாத அரசன், அடியால் அளந்தவன் தாவிய நிலம் முழுவதையும் ஒருசேர அடைவான். அளந்தவன் யார் என்று வள்ளுவர் சொல்லவில்லை. வாமனன் என்று கண்டுபிடித்ததும் பழைய கேள்வியைக் கேளுங்கள். மாவலியின் கொடை இங்கே வேண்டுமா, குள்ள வேடம் வேண்டுமா? இரண்டும் இல்லை, காலடியின் வீச்சு மட்டும்தான்.

கடைசியில் பிள்ளைகளையே எழுதவிடுங்கள். இரண்டு வரி போதும், ஆள் பெயர் வரக் கூடாது, பக்கத்தில் இருக்கும் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். யாருக்குமே பிடிபடவில்லை என்றால் குறிப்பு பற்றவில்லை, இன்னும் ஒரு சொல் சேர்க்கச் சொல்லுங்கள். படித்த உடனே எல்லோரும் கத்திவிட்டால் ஒரு சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும், கடைசி பீரியடில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.