போர் காட்ல ரயில் படம் எடுக்கிறது: உங்க கேள்வியும் என் பதிலும்

நான் இருக்கிறது புனே பக்கம். மும்பை-புனே லைன்ல கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவுல இருக்கிற போர் காட் மலைப்பாதையில பன்னெண்டு வருஷமா ரயில் படம் எடுத்துட்டு இருக்கேன். நிறைய பேர் கேட்டதால எல்லாத்துக்கும் சேர்த்து இங்கயே பதில் எழுதிடறேன்.

கேள்வி: அண்ணா, கர்ஜத்ல எல்லா எக்ஸ்பிரஸும் நின்னு பின்னாடி இன்ஜின் மாட்டுறாங்களே, அது எதுக்கு?

அதுக்குப் பேரு பேங்கர் தம்பி. கர்ஜத்துக்கு அப்புறம் ஏத்தம் 37க்கு 1, அதாவது 37 மீட்டர் போனா ஒரு மீட்டர் மேல ஏறணும். ரோட்டுக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்து மேல போறப்போ அது ரொம்பப் பெருசு. முன்னாடி இருக்கிற இன்ஜினை மட்டும் நம்பினா சக்கரம் வழுக்கும், போதாததுக்கு பெட்டிகளுக்கு நடுவுல இருக்கிற கப்ளிங் மேல மொத்த பாரமும் விழும். அதனால பின்னாடி ரெண்டோ மூணோ இன்ஜின் மாட்டித் தள்ளிவிட்டு லோனாவாலாவுல கழட்டிடுவாங்க. வந்தே பாரத்துக்கு மட்டும் இது தேவையில்ல, அதுல ரயில் நீளத்துக்கும் மோட்டார் இருக்கு. கர்ஜத் வடா பாவ் இவ்ளோ பேமஸ் ஆனதுல இந்த பேங்கர் மாட்டுற நேரத்துக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

படம் எடுக்கிறவங்களுக்கு இதுல ஒரு விஷயம் இருக்கு. முன் இன்ஜின் தாண்டினதும் கேமராவைக் கீழ இறக்காதீங்க. நான் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இறக்கிட்டு இருந்தேன், இப்ப அந்தப் படங்களைப் பார்த்தா மலையில எடுத்ததுன்னே தெரியாது, எந்த ஊர்லயும் எடுத்திருக்கலாம் போல இருக்கு. உண்மையான உழைப்பு கடைசிப் பெட்டிக்குப் பின்னாடிதான் நடக்குது, அந்தப் படம்தான் போர் காட் படம்.

கேள்வி: சார், ஏத்தம்னு சொல்றீங்க, என் படத்துல தண்டவாளம் சமதரையில இருக்கிற மாதிரி தெரியுதே?

எல்லாருக்கும் வர்ற பிரச்சனைதான். நம்ம கை தன்னால கேமராவைத் தண்டவாளத்துக்கு இணையா சாய்ச்சுடும், ஏத்தம் அங்கயே காணாம போயிடும். கரண்ட் கம்பத்தைப் பாருங்க, அது நேரா நிக்கும், அதை பிரேம்ல செங்குத்தா வச்சிட்டீங்கன்னா தண்டவாளம் எவ்ளோ ஏறுதுன்னு தன்னால தெரியும். வைட் லென்ஸ் வேணாம், 200 மில்லிமீட்டருக்கு மேல போங்க, தூரத்துல இருந்து வளைவை இழுத்துப் பிடிங்க. 22 பெட்டி ரயில்னா சுமார் 530 மீட்டர் நீளம், முழுசும் ஏத்தத்துல இருந்தா முன் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் 14 மீட்டர் உயர வித்தியாசம். கிட்டத்தட்ட நாலு மாடி! அது ஒரே பிரேம்ல வந்தா பார்க்கிறவங்க யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க.

கேள்வி: கூட்ஸ் எப்ப வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஆப்ல வராது, கூட்ஸுக்கு நமக்குத் தெரியற டைம் டேபிளே கிடையாது. காத்திருக்கணும், அவ்ளோதான். ஒரு சின்ன குறிப்பு தர்றேன், மேல தள்ளிவிட்ட பேங்கர்கள் பெட்டி எதுவும் இல்லாம ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு கர்ஜத்துக்குத் திரும்பி இறங்கும், அதைப் பார்த்தா சீக்கிரமே அடுத்த வண்டி ஏறப்போகுதுன்னு எடுத்துக்கலாம். அப்புறம் காது. கண்டெய்னரோ டேங்கரோ முழு லோடோட ஏறினா முன்னாடி ஒரு சத்தம், கொஞ்சம் விட்டுப் பின்னாடி ஒரு சத்தம்னு ரெண்டு தனித்தனியா மலையில மோதி வரும்.

இறங்குற வண்டியையும் விட்டுடாதீங்க. பிரேக் சரியா இருக்கான்னு பார்க்க நடுவுல நிறுத்தித்தான் விடுவாங்க, தப்பித்தவறி பிரேக் பிடிக்காத வண்டி வந்தா அதை வாங்கிக்க மேல்நோக்கிப் போற கேட்ச் சைடிங் இருக்கு. சரிவுல எங்கயோ ஏறிப் பாதியில முடிஞ்சுபோற அந்தத் தனித் தண்டவாளம் எனக்கு ரயிலை விடப் பிடிச்ச சப்ஜெக்ட்.

கேள்வி: எங்க நின்னு எடுக்கலாம்? மலைப்பாதை நடுவுல இருக்கிற மங்கி ஹில் வரைக்கும் தண்டவாளத்துல நடந்து போனதா சிலர் சொல்றாங்க.

போகாதீங்க. கெஞ்சிக் கேக்கிறேன். ரயில்வே சட்டம் 147வது பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில் இல்ல ஆயிரம் ரூபா வரை பைன், இல்ல ரெண்டும். சட்டத்தை விடுங்க, அங்க மூணு லைன் இருக்கு, வரிசையா டனல், மழைச் சத்தத்துல இறங்கி வர்ற வண்டி காதுல விழவே விழாது. பலஸ்தரி ஸ்டேஷனுக்குப் போங்க, கோப்போலி லோக்கல் அங்க நிக்கும், மலை லைன் அங்கதான் பிரிஞ்சு ஏற ஆரம்பிக்குது. மேலேர்ந்து பார்க்கணும்னா கண்டாலாவுல ராஜ்மாச்சி பாயிண்ட், நடக்கத் தெம்பு இருந்தா நாக்பணி உச்சி.

கேள்வி: டெக்கான் குயின் படம் ஒண்ணு கூட நல்லா வரல, ஏன்?

ஏன்னா காலையில புனேலேர்ந்து மும்பைக்கு இறங்கி சாயங்காலம் திரும்பி ஏறுற அந்த வண்டி நேரமும் இந்த மலையோட வெளிச்சமும் ஒத்துப்போறதே இல்ல. சரிவு மேற்கு பார்த்தது, மத்தியானத்துக்கு அப்புறம்தான் வெயில் நேரா விழும். டெக்கான் குயின் காலையில எட்டே கால் சுமாருக்கு லோனாவாலா தாண்டி இறங்குறப்போ சரிவு முழுக்க நிழல். சாயங்காலம் கர்ஜத் வரவே ஆறே முக்கா ஆயிடும், டிசம்பர்ல அப்ப இருட்டு. மே கடைசி, ஜூன் ஆரம்பம், இந்தக் கொஞ்ச நாள்தான் ஏறுற வண்டி மேல கடைசி வெயில் விழ வாய்ப்பு. 1930 ஜூன் 1ல ஓட ஆரம்பிச்ச வண்டி அது, பிறந்தநாளும் அந்தச் சமயத்துல வர்றதால நான் வருஷா வருஷம் லீவு போட்டுடுவேன்.

கேள்வி: மழைக்காலத்துல பனிமூட்டம், படம் சாம்பலா வருது.

கேமரா வெள்ளையைப் பார்த்து பயந்து இருட்டாக்கிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்துங்க, அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்காக்குங்க. போகஸை முன்கூட்டியே ஒரு கம்பத்துல வச்சு லாக் பண்ணிடுங்க, மூட்டத்துல ஆட்டோ போகஸ் அலையும். ஹெட்லைட் நேரா லென்ஸைப் பார்க்காத வளைவா தேடுங்க.

கேள்வி: நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல மும்பையிலேர்ந்து ஊருக்குப் போறேன் அண்ணே, போன் மட்டும்தான் இருக்கு, எடுக்க முடியுமா?

தாராளமா. கர்ஜத்துலேர்ந்து மேல ஏறுற வண்டிதானே, முன்பக்கப் பெட்டியில சீட் கிடைச்சா ஜன்னல் வழியா பின்னாடி பாருங்க, வளைவு வர்றப்போ மொத்த ரயிலும் அதுக்குப் பின்னாடி தள்ளிக்கிட்டு வர்ற பேங்கரும் தெரியும். போனைக் கம்பிக்கு உள்ள வச்சே எடுங்க, டனல் சுவர் ரொம்பக் கிட்ட வரும், வாசல்ல தொங்கவே வேணாம். ஏசி பெட்டின்னா லென்ஸைக் கண்ணாடியில ஒட்டி வச்சுக்கோங்க. எந்தப் பக்கம் வளையும்னு முதல் தடவை பிடிபடாது, எதிர் சீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க, நான் கேட்டப்போ யாரும் இதுவரைக்கும் முகம் சுளிச்சதில்ல.