இனப்படுகொலை நடந்து முடிந்த பிறகு அதன் பாதிப்பு எத்தனை ஆண்டுகள் நீடிக்கும்?

இதற்கு போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன். அங்கே கொலை சில நாள்களில் முடிந்துவிட்டது. கொல்லப்பட்டவர்களை அடக்கம் செய்யும் வேலை முப்பது ஆண்டுகளாகியும் முடியவில்லை.

போஸ்னியப் போரின்போது, 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்திருந்த ஊர் அது. 1995 ஜூலை 11 அன்று ராட்கோ ம்லாடிச்சின் போஸ்னிய செர்பியப் படை உள்ளே நுழைந்ததும், அங்கு அடைக்கலம் புகுந்திருந்த போஸ்னிய முஸ்லிம்கள் பக்கத்து ஊரான போட்டோச்சாரியில் இருந்த ஐ.நா.வின் டச்சு அமைதிப்படை முகாமை நோக்கி ஓடினார்கள். அங்கே ஆண்களும் சிறுவர்களும் தனியே பிரிக்கப்பட்டார்கள். காட்டு வழியாகத் தப்ப முயன்றவர்களிலும் பலர் பிடிபட்டார்கள். மொத்தம் 8,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இது இனப்படுகொலையே என்று 2004-இல், முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு உறுதிசெய்தது.

என்னை இன்றும் உலுக்குவது அதன் பிறகு நடந்ததுதான். இரண்டு மாதங்கள் கழித்து, குற்றத்தை மறைப்பதற்காக, புதைகுழிகளை மண்வாரி இயந்திரங்களால் தோண்டி, உடல்களை லாரிகளில் அள்ளிச் சென்று வேறு குழிகளில் கொட்டினார்கள். இயந்திரத்தின் பல் பட்டு உடல்கள் சிதைந்தன. ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கோஸ்லுக் என்ற இடத்தில் புதைகுழி இருந்த மண்ணில், பக்கத்து ஆலை கொட்டிய உடைந்த பாட்டில் சில்லுகள் கலந்திருந்தன. தொலைவிலுள்ள வேறொரு குழியிலும் அதே சில்லுகள் கிடைத்தபோதுதான் உடல்கள் எங்கிருந்து எங்கே கொண்டுபோகப்பட்டன என்பது துலங்கியது.

என் தந்தையைத் தகனம் செய்த மறுநாள், பால் தெளித்து எலும்பு பொறுக்கி, ஒரு சிறு மண்கலயத்தில் எடுத்து வந்தோம். அந்தக் கலயத்தைப் பார்த்த பிறகே என் தாய் வாய்விட்டு அழுதார். ஸ்ரெப்ரெனிகாவின் பெண்களுக்கு அந்த அழுகைகூடக் கிடைக்கவில்லை. 1996-இல் அமைக்கப்பட்ட, காணாமற்போனோருக்கான பன்னாட்டு ஆணையம், உறவினர்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, எலும்புகளின் மரபணுவோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 7,000 பேரை அடையாளம் கண்டது. பொருந்தியதாகச் செய்தி வரும்போது அது பெரும்பாலும் முழு உடலைப் பற்றியதாக இருப்பதில்லை. கிடைத்த ஒரு தொடை எலும்பை இப்போதே அடக்கம் செய்வதா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்பதைத் தாயோ மனைவியோதான் முடிவு செய்ய வேண்டும். அடக்கம் செய்த பின் வேறு எலும்புகள் கிடைத்து, கல்லறையை மீண்டும் திறந்த குடும்பங்களும் உண்டு.

போட்டோச்சாரி நினைவிடத்தில் 2003 மார்ச்சில் நடந்த முதல் அடக்கத்தில் 600 பேர் புதைக்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கை 7. இன்னும் ஏறத்தாழ ஆயிரம் பேர் கிடைக்கவில்லை. இரத்த மாதிரி கொடுத்துவிட்டுக் காத்திருந்த தாய்மார்களில் பலர், அந்தச் செய்தி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.