அந்தச் சனிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், சிஜிபிஏ 8.9, அரியர் ஒன்றும் கிடையாது, ஆனால் சனிக்கிழமை வந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பிவிடுகிறாள், அந்த நேரத்தில் வேலைக்கு உதவுகிற மாதிரி ஒரு கோர்ஸ் படிக்கலாமே என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அதே கடிதத்தின் கடைசியில், கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் ஒரு விருது தருகிறார்கள், நன்றாகப் படிப்பதோடு பிறருக்கும் உதவுகிறவர்கள் விண்ணப்பிக்கலாமாம், இவளுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் நிறுத்தச் சொல்லும் வேலையைத்தான் அந்த விருது தேடிக்கொண்டிருக்கிறது.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகையைப் போட்டுவைப்பார்கள், அசலைத் தொடாமல் அதில் வரும் வருமானத்திலிருந்து வருடா வருடம் விருது கொடுப்பார்கள். சில இடங்களில் அந்தந்த வருடம் வசூலித்துக் கொடுப்பதும் உண்டு. அதனால் தொகை வருடத்துக்கு வருடம் மாறலாம். ஒரே முறை தருவதா, அடுத்த வருடமும் தொடருமா, தொடர வேண்டுமானால் எவ்வளவு சிஜிபிஏ வைத்திருக்க வேண்டும், வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் விண்ணப்பிக்கலாமா என்ற நான்கையும் அறிவிப்பில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். இந்த மாதிரி விருதுகளில் மதிப்பெண் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1885-ல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டவ் பீட்டா பை என்ற பொறியியல் கௌரவச் சங்கம் இதற்கு நல்ல உதாரணம். அதில் சேர மூன்றாம் ஆண்டு மாணவர் என்றால் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்குக்குள்ளும், இறுதி ஆண்டு என்றால் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் அவர்கள் பார்ப்பது குணத்தை, அதில் தன்னலம் இல்லாத செயல்பாடும் ஒன்று. தேர்வுக் குழுவின் மேசைக்கு வருகிற விண்ணப்பங்கள் எல்லாமே நல்ல சிஜிபிஏ உள்ளவைதான் என்றால், 8.9-க்கும் 9.1-க்கும் அங்கே யார் பெரிய வித்தியாசம் பார்க்கப் போகிறார்கள்? இந்தப் பிள்ளை என்ன செய்தது என்றுதான் தேடுவார்கள்.

அங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். நான் படித்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் "எனக்குச் சிறு வயதிலிருந்தே சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்றுதான் தொடங்கும். அப்புறம் ஐந்து சங்கங்களின் பெயர் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு நாள் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டது தெரியும். உங்கள் மகள் இப்படி எழுதட்டும்: ஆறு பிள்ளைகள், ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம். பின்னக் கணக்கு என்றாலே நோட்டை மூடிவைத்துவிடும் ஒரு பையன், அவனுக்கு ஒரு காகிதத்தை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துக் காட்டியது. மூன்றாவது வாரம் அவனே பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு மடித்துக் காட்டி "நாலில் ஒண்ணும் எட்டில் ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னது. நீங்களே இதைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், அம்மா. எனக்கு அந்தக் கடிதத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

சரிப்பட்டு வராததையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் நின்றுபோன வாரம், தவறாகப் போட்ட திட்டம், அதை எப்படி மாற்றினாள் என்பதெல்லாம். நேர்காணல் இருந்தால் இதைத்தான் கேட்பார்கள், உண்மையாக வேலை செய்தவர்களிடம் மட்டும்தான் இதற்குப் பதில் இருக்கும். தோழிகளோடு சேர்ந்து செய்ததை "நான்" என்று எழுத வேண்டாம், தான் செய்த பங்கைத் தனியாகச் சொன்னால் போதும். பிள்ளைகளின் பெயரோ படமோ விண்ணப்பத்தில் வேண்டவே வேண்டாம்.

கணக்கு சொல்லிக்கொடுப்பதற்கும் இன்ஜினியரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். பெர்னார்ட் அமடே என்று கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். 2000-ல் பெலீஸ் நாட்டில் சான் பாப்லோ என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே சிறுமிகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அருகிலிருந்த அருவியின் விசையைக் கொண்டே தண்ணீர் ஊருக்கு வரும்படி அமைத்துக் கொடுத்தார். அதிலிருந்துதான் 2002-ல் அமெரிக்காவின் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு பிறந்தது. ஒருவருக்கு எது தடையாக இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்பது, கையில் இருப்பதை வைத்துத் தீர்ப்பது, இரண்டும் இந்தப் படிப்பின் அடிப்படை. உங்கள் மகள் ஒரு காகிதத்தை வைத்து அதைத்தான் செய்கிறாள்.

உங்கள் கவலையில் நியாயமும் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது இரண்டு மூன்று வாரம் வகுப்பு இருக்காது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். மதிப்பெண் சரிந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதாகிவிடும், அப்போது நானே குறைக்கச் சொல்வேன். ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரத்தால் 8.9 சரியவில்லை என்பதை ஒன்றரை வருடம் காட்டிவிட்டதே.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்: தேதி, எத்தனை மணி நேரம், என்ன பாடம், எத்தனை பேர் வந்தார்கள். பழைய வாரங்களை ஞாபகத்திலிருந்து எழுதும்போது சந்தேகமானதை விட்டுவிடட்டும், மிகைப்படுத்தி எழுத வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரிடம்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு இவள் பெயரும் மார்க்கும் மட்டும்தான் தெரியும் என்றால் கடிதத்திலும் அது மட்டும்தான் இருக்கும். ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியர் எழுதினால் அதற்கு எடை அதிகம், அவர் இளையவராக இருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை வகுப்பு நடக்கும் இடத்தின் பொறுப்பாளரிடமும் ஒன்று கேட்கலாம். கேட்கும்போது தான் என்னென்ன செய்தாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுத்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆசிரியருக்கு மூன்று வாரமாவது வேண்டும், அதனால் திங்கட்கிழமையே போய்க் கேட்கட்டும். முதல் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், காகிதம் மடித்த கதை அதில் கட்டாயம் இருக்கட்டும்.