டெட்லிஃப்ட் முடிந்ததும் கண் இருட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 28. ஒரு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். டெட்லிஃப்டில், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சியில், 110 கிலோவை ஐந்து முறை தூக்குகிறேன். பாரைக் கீழே வைத்து நிமிர்ந்ததும் சில நொடிகள் கண் இருட்டித் தலை சுற்றுகிறது. போன வாரம் கண்ணைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளும் வந்தன. காலையில் வெறும் வயிற்றில்தான் பயிற்சி. இது இதயக் கோளாறா? நிறுத்திவிடவா?

பதில்: தலைசுற்றல் எந்த நேரத்தில் வருகிறது என்பதைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. தூக்கி முடித்த பிறகு வந்து, சில நொடிகளில் போய்விடும் தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் மூச்சடக்கலே காரணம்.

பளு தூக்கும்போது மூச்சை இழுத்து அடக்கி, வயிற்றை இறுக்கி முக்குகிறோம். இதற்கு வால்சால்வா முறை என்று பெயர்; 1704-இல் இதை விவரித்த இத்தாலிய மருத்துவரின் பெயர் அது. முதுகெலும்பு வளையாமல் நிற்க இது உதவுகிறது, அதனால் அடியோடு தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மார்புக்குள் அழுத்தம் ஏறுவதால், இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் குறைகிறது. அதே சமயம் தமனிகளில் ரத்த அழுத்தம் எகிறுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985-இல் தேர்ந்த பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தார்கள். கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்யும்போது சராசரி ரத்த அழுத்தம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது!

பாரை வைத்து மூச்சை விட்டதும் இந்த அழுத்தம் சட்டென்று சரிகிறது. வேலை செய்த தசைகளின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், குனிந்த உடம்பும் நிமிர்கிறது. மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் போதாமல் போகிறது. 2016-இல் இங்கிலாந்தின் பளுதூக்கும் பலசாலி எடி ஹால் 500 கிலோ டெட்லிஃப்ட் செய்து முடித்ததும், மூக்கில் ரத்தம் வடிய மயங்கி விழுந்தார்.

சிவப்புப் புள்ளிகள், மூச்சடக்கி முக்கும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்ததால் வந்தவை. சில நாளில் மறைந்துவிடும். பார்வை மங்கினாலோ கறுப்புத் திட்டு தெரிந்தாலோ மட்டும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஐந்து முறைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் பார் தரையைத் தொட்டதும் மூச்சை விட்டு, புதிதாக இழுங்கள். கடினமான கட்டம் தாண்டியதும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ஒரேயடியாக அல்ல. செட் முடிந்ததும் அசையாமல் நிற்காமல் மெல்ல நடங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். கண் இருட்டினால் மானம் பார்க்காமல் உடனே உட்கார்ந்து தலையைத் தாழ்த்துங்கள். இரும்புத் தட்டுகளுக்கு நடுவே விழுந்து மண்டை உடைவதுதான் இதில் எனக்குள்ள பெரிய பயம். வெறும் வயிறு வேண்டாம். எழுந்ததும் தண்ணீர், பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். இடுப்பில் பெல்ட் போட்டால் மூச்சு முட்டும்படி இறுக்காதீர்கள். இரண்டு வாரம் 80 கிலோவில் இந்த மூச்சுமுறையைப் பழகிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள்.

ஆனால் தூக்கிக்கொண்டிருக்கும்போதே மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் கதை வேறு. வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும் அப்படித்தான். பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுங்கள். இடி விழுந்ததுபோல் திடீர்த் தலைவலி, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி, கை கால் மரத்துப்போதல் என்றால் 108-ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அதற்கும் அன்றே மருத்துவமனை.

இந்த அறிகுறி எதையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் நிறுத்தத் தேவையில்லை. இந்த வாரம் ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். 140/90-ஐத் தாண்டியிருந்தால், மருத்துவர் சொல்லும்வரை கனமான எடை வேண்டாம்.