வேக இழை, மெது இழை: வித்தியாசம் நிறத்தில் மட்டும்தானா?

நம் தசைகளில் மெதுவாகச் சுருங்கும் இழையும் உண்டு, வேகமாகச் சுருங்கும் இழையும் உண்டு. மெது இழையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதமான மயோகுளோபின் அதிகம், அதனால் சிவப்பு. வேக இழை வெளுப்பு. இதைத் தாண்டி வேதியியலில் வேறு வித்தியாசம் உண்டா என்பதுதானே கேள்வி? உண்டு. என்னைக் கேட்டால் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தொடங்க வேண்டிய இடம் மயோசின்.

தசை சுருங்கும்போது இழுக்கும் வேலையைச் செய்வது இந்தப் புரதம்தான். ஒவ்வொரு இழுப்புக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றை உடைத்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் உடைக்கிறதோ, அவ்வளவு வேகமாக இழை சுருங்கும். 1967-இல் பாராணி என்ற ஆய்வாளர் பல விலங்குகளின் தசைகளை ஒப்பிட்டு இதைக் காட்டினார். நம் கைகால் தசைகளில் முக்கியமாக மூன்று வகை மயோசின்: மெது இழையில் முதல் வகை, வேக இழைகளில் 2ஏ, 2எக்ஸ். மூன்றுக்கும் தனித்தனி மரபணு. (பழைய புத்தகங்களில் மனிதனுக்கு 2பி என்று இருந்தால் அதை 2எக்ஸ் என்று படியுங்கள். அசல் 2பி எலி போன்ற சில விலங்குகளின் சொத்து.)

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உறையவைத்த தசையை மெல்லியதாகச் சீவி, பி.எச். 10.3 அளவுள்ள காரக் கரைசலில் ஊறவைத்து, பிறகு ஏ.டி.பி. கொடுத்து நிறமேற்றினால் வேக இழைகள் கறுத்துவிடும், மெது இழைகள் வெளிறிக் கிடக்கும். அடுத்த சீவலை பி.எச். 4.3 அமிலத்தில் ஊறவைத்தால் அப்படியே தலைகீழ். நுண்ணோக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க எனக்கு இன்றுவரை அலுத்ததில்லை.

சுருங்கினால் மட்டும் போதாதே, சட்டென்று தளரவும் வேண்டும். அதற்கு, சுருக்கத்தைத் தூண்டிய கால்சியத்தை இழைக்குள் இருக்கும் சேமிப்புப் பைக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் பம்பும் வேறு: வேக இழையில் செர்கா1, மெது இழையில் செர்கா2ஏ.

அப்புறம் எரிபொருள். வேக இழையில் ஏ.டி.பி.யை உடனுக்குடன் மீட்டுத் தரும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் குளுக்கோஸைச் சிதைக்கும் நொதிகளும் அதிகம். மெது இழையில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கொழுப்புத் துளிகளும். ஆனால் 2ஏ இந்தக் கணக்கில் அடங்காது. மயோசின் வேகமானது, மைட்டோகாண்ட்ரியாவும் தாராளம், சிவப்பும் உண்டு. அதனால்தான் நிறத்தை வைத்து வேகத்தைச் சொல்லக் கூடாது என்கிறேன்.

பயிற்சியால் மாறுமா என்றால், ஓட்டமோ எடையோ தொடர்ந்து செய்தால் 2எக்ஸ் குறைந்து 2ஏ கூடும். முதல் வகைக்கும் வேக வகைக்கும் இடையிலான மாற்றம் அவ்வளவு லேசில் நடக்காது. விசித்திரம் என்னவென்றால், தண்டுவடம் அடிபட்டு அசைவற்றுப்போன கால்களில் மாதக்கணக்கில் மெது இழைகள் குறைந்து 2எக்ஸ் பெருகுகிறது.