ஃபைபர் படகுக்கு மெருகு: கேள்வி பதில்

கே: எங்கள் ஃபைபர் படகு வெளுத்துவிட்டது, அண்ணா. தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. என்ன பஃபிங் மெஷின் வாங்கலாம்?

ப: வெயிலில் ஜெல்கோட்டின், அதாவது ஃபைபருக்கு மேலே இருக்கும் பளபளப்பான பிசின் பூச்சின், மேல்தோல் பொடியாகிவிட்டது. அதன்மேல் மெழுகு பூசினால் சில நாள் மினுங்கும், அவ்வளவுதான். பொடியைக் காம்பவுண்ட் (தேய்த்து எடுக்கும் பசை) போட்டு எடுக்க வேண்டும். 7 அங்குல ரோட்டரி மெஷின் (பேட் ஒரே அச்சில் சுற்றுவது) வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கட்டும். கம்பளி பேட் போட்டு நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் ஓட்டுங்கள். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மணலே கீறிவிடும். நிழலில், இரண்டடிக்கு இரண்டடியாகச் செய்யுங்கள். ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். ஒரே இடத்தில் நின்றால் கருகும், விளிம்பில் அழுத்தினால் உள்ளே நார் தெரியும். விளிம்புக்கு டேப் ஒட்டிவிட்டு அங்கே மட்டும் கையால் தேய்ப்பேன் நான். கைலியோடு மெஷினைத் தொடாதீர்கள், சுருட்டி இழுத்துவிடும்.

கே: காருக்கு வாங்கிய ஆர்பிட்டல் மெஷின் (பேட் ஆடி ஆடிச் சுற்றுவது) போதாதா?

ப: கடைசி மெருகுக்குப் போதும். ரோட்டரி விட்ட சுழிக்கோடுகளை அழிக்கும். பொடி எடுக்க அதைப் பிடித்தால் தோள்பட்டை போய்விடும்.

கே: 4 அங்குல கிரைண்டரில் பேட் மாட்டலாமா?

ப: கூடாது. நிமிடத்துக்கு 11,000 சுற்று. ஜெல்கோட் அரை மில்லிமீட்டர்தான், ஞாபகம் இருக்கட்டும்.

கே: நாங்கள் டிம்மர் போட்டு வேகத்தைக் குறைத்துத்தான் வருடக்கணக்காகச் செய்கிறோம். படகு ஒன்றும் கெடவில்லையே?

ப: உங்கள் கைப்பழக்கம் காப்பாற்றுகிறது, தம்பி. டிம்மர் மின்சாரத்தைத்தான் குறைக்கும், சுற்றைப் பிடித்து வைக்காது. அழுத்தினால் மெஷின் திணறும். கையை எடுத்தால் சீறும். நல்ல பாலிஷரில், அதாவது பஃபிங் மெஷினில், பாரம் ஏறினாலும் வேகம் நிற்கிற மாதிரி உள்ளேயே எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வருகிறது. அப்புறம் கிரைண்டரின் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும், சுருள் எரியும். இதுவரை எத்தனை ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள்) மாற்றினீர்கள்?

கே: மூன்று.

ப: அந்தக் காசில் பாதி பாலிஷர் வந்திருக்கும்.

கே: கிரைண்டரில் ஃபோம் பேட் என்றால் பரவாயில்லையா, அண்ணா?

ப: அதுவும் கூடாது. மேலே சொன்ன காரணம்தான்.

கே: தளத்துக்கும் மெழுகு போடலாமா?

ப: வேண்டாம். ஈரக்காலோடு வலை இழுக்கிறவர் வழுக்கி விழுவார்.

கே: சரி, அண்ணா, டிம்மரைக் கழற்றிவிட்டேன். கிரைண்டரை என்ன செய்ய?

ப: ஃபைபர் வெட்ட வைத்துக்கொள்ளுங்கள். முகமூடி போட்டுக்கொண்டு.